கர்ஷூஃப்: ஒரு முட்செடியின் மெய்யான வரலாறு



சென்ற மாதம் ஒரு நாள் மக்ரிப் தொழுகை முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்ற நேரம். நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் அத்தா, கைப்பையிலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து நம்முன் வைத்தார். பெட்டியின் மேல் விரியாத தாமரை மொட்டைப் போன்ற ஒரு படம். படத்தின் கீழே அரபி எழுத்தில் "கர்ஷூஃப்" என்று பொறித்திருந்தது. உள்ளே கேப்ஸ்யூல்கள்.

"ஹழ்ரத், இது நபிவழி மருந்தாம். ஈரலையும் பித்தப்பையையும் கழுவித் துடைத்துவிடுமாம். வாட்ஸ்அப்பில் ஹதீஸோடு வந்திருக்கிறது. எனக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறதென்று ஸ்கேனில் சொன்னார்கள். ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டு இதைத் தொடங்கலாமா?"

ஒரே மூச்சில் அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். ஒன்று மார்க்கத்தைப் பற்றியது. அதற்கு அன்றிரவே நம்மால் விடை கூற முடிந்தது. மற்றொன்று உடலைப் பற்றியது. அது மருத்துவர் கூற வேண்டிய விடை. அன்று அவரிடம் சொன்னதையும், அதன்பின் நூல்களைப் புரட்டி நாம் அறிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். இதே செய்தி வேறு பல இல்லங்களின் கைபேசிகளுக்கும் சென்றிருக்கக் கூடும்.

முதலில் இந்தக் காய் எது என்பதைத் தெரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் ஆர்ட்டிச்சோக் என்பர். தமிழில் கூனைப்பூ என்றொரு பெயர் உண்டு; ஆனால் நம் ஊர்ச் சந்தையில் அப்பெயரைச் சொல்லிக் கேட்டால் விளங்கிக்கொள்வார் அரிது. வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்கள் இதனை அறிந்திருக்கும். அங்குள்ள கடைகளின் உறைபெட்டிகளில், வெளிர்பச்சைக் கிண்ணங்களைப் போல, "அர்ழீ ஷவ்கீ" என்ற பெயருடன் பொதிகளில் கிடப்பது இதன் அடிப்பாகமே. சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முட்செடி இது. நாம் உண்பது இதன் பழத்தையோ இலையையோ அன்று. மலர்வதற்கு முந்தைய மொட்டினை. மீன் செதில்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தடித்த மடல்கள், ஒவ்வொரு மடலின் அடியிலும் சிறிதளவு சதை, நடுவில் தொண்டையில் சிக்கும் பஞ்சு, அந்தப் பஞ்சின் கீழே மென்மையான கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்காகவே இத்தனை பாடு. மொட்டைப் பறிக்காது விட்டால் ஊதா நிறத்தில் பெரிய பூவாக விரியும். அதன்பின் உண்ண உதவாது.

இனி ஹதீஸைப் பற்றிய கேள்விக்கு வருவோம். கர்ஷூஃபைப் பற்றி அருள்மறை குர்ஆனில் குறிப்பு இல்லை. ஆதாரப்பூர்வமான ஹதீஸ் தொகுப்புகளிலும் இதன் சிறப்பைக் கூறும் செய்தி இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் சுரைக்காயை விரும்பி உண்டதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தேனைப் பற்றியும், பேரீச்சம்பழத்தைப் பற்றியும், கருஞ்சீரகத்தைப் பற்றியும், தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைப் பற்றியும் ஸஹீஹான அறிவிப்புகள் உள்ளன. அந்த வரிசையில் இம்மொட்டுக்கு இடமில்லை. ஆகவே அந்த வாட்ஸ்அப் செய்தியில் இருந்தது ஹதீஸ் அன்று; எவரோ தம் சரக்கு விலைபோகக் கட்டிய கதை.

இது புதிய நோயும் அன்று. ஹிஜ்ரி 751இல் வஃபாத்தான இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் "அல்மனாருல் முனீஃப்" என்னும் நூலில், இட்டுக்கட்டப்பட்ட செய்திகளை இனங்காணும் வழிகளை விளக்குகிறார்கள். அங்கே எடுத்துக்காட்டாக வருவன பல நம் சமையலறைப் பொருள்கள். கத்தரிக்காயை எதற்காக உண்டாலும் அது அதற்குப் பலனளிக்கும் என்று ஒரு புனைவு. அரிசியைப் புகழ்ந்து ஒன்று. பருப்பைப் பல நபிமார்கள் போற்றினார்கள் என்று மற்றொன்று. ஹரீஸாவைப் புகழும் செய்தி ஒன்றை ஹரீஸா வியாபாரம் செய்த ஒருவரே புனைந்தார் என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். இந்த இடத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஆனால் பெருமானாரின் பெயரால் பொய்யுரைப்போருக்குரிய எச்சரிக்கை எவ்வளவு கடுமையானது என்பதை அறிந்தவர்களுக்கு அது சிரிப்புக்குரிய செய்தியன்று. புனைந்தவர் ஒருவராக இருக்கலாம். ஆராயாமல் அடுத்தவருக்கு அனுப்பும் விரல்களோ ஆயிரம்.

இதில் நமக்கு மேலும் ஒரு வருத்தம் உண்டு. இந்தக் காய்க்கும் முஸ்லிம்களுக்கும் மெய்யாகவே ஒரு வரலாற்று உறவு இருக்கிறது. பொய் கலவாத, தேடிப் படித்தால் நெஞ்சை நிறைக்கும் உறவு. அதை விட்டுவிட்டுப் பொய்யை ஏன் நாட வேண்டும்?

அந்த வரலாறு நம்மிடமிருந்து தொடங்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மத்தியதரைக்கடல் ஓரங்களில் தானாக முளைக்கும் ஒரு காட்டு முட்செடியே இதன் மூதாதை. கிரேக்கர் அதன் வளர்ப்பினத்தைக் கினாரா என்றனர். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான பிளினி, கார்த்தேஜிலும் குர்துபாவிலும் சிறு நிலத்துண்டுகளிலிருந்தே இவ்வகை முட்செடி ஆறாயிரம் ரோமானியக் காசு வருமானம் தருவதாக எழுதிவைத்தார். நாற்கால் விலங்குகளே ஒதுக்கும் முள்ளைச் செல்வர்கள் பெரும் விலைக்கு வாங்கி உண்கிறார்களே என்பது அவருடைய சலிப்பு. குர்துபாவில் இஸ்லாம் காலடி வைப்பதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் முந்தைய செய்தி இது.

அப்படியானால் முஸ்லிம்களின் பங்கு என்ன? ஆண்ட்ரூ வாட்சன் என்னும் வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட நூலில், இஸ்லாமிய ஆட்சியின் முதல் நூற்றாண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்கு வரை பரவிய பயிர்களைப் பட்டியலிட்டார். நெல், கரும்பு, பருத்தி, எலுமிச்சை, கத்தரி, பசலை ஆகியவற்றோடு கர்ஷூஃபையும் அவர் சேர்த்தார். நம் மேடைகளில் இந்தப் பட்டியலை முழங்குவோர் உண்டு. ஆனால் 2009இல் மைக்கேல் டெக்கர் என்னும் மற்றொரு ஆய்வாளர் அதில் நான்கு பயிர்களை எடுத்துக்கொண்டு, அவை இஸ்லாத்துக்கு முன்பே அந்நிலங்களில் அறியப்பட்டிருந்தன என்று மறுப்பு எழுதினார். அந்நான்கில் கர்ஷூஃபும் ஒன்று. இந்த மறுப்பையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதே நம் கருத்து. அறிவிப்பாளர் வரிசையை அலசிப் பார்க்கக் கற்றுத்தந்த சமுதாயம், தன் பெருமையைக் கூறும் செய்தியை மட்டும் அலசாமல் ஏற்கலாகாது.

அலசிய பின்னும் எஞ்சி நிற்பது குறைவானதன்று. காட்டு முட்செடிக்கும் இன்று நாம் காணும் பெருமொட்டுக்கும் இடையில் பல தலைமுறைகளின் தேர்வும் உழைப்பும் உள்ளன. முள் குறைந்ததும் மொட்டுப் பெருத்ததுமான செடிகளை ஆண்டுதோறும் பிரித்தெடுத்து, அவற்றின் பக்கக் கன்றுகளை நட்டு வளர்த்த தோட்டக்காரர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவ்வேலையின் பெரும்பகுதி சிசிலியிலும் அந்தலூஸிலும் வட ஆப்பிரிக்காவிலும், முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். ஒரு முஸ்லிம் நட்ட பயிரிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரியில் இருக்கிறது. இக்காயோடு ஒரு ஹதீஸை இணைத்தே ஆக வேண்டுமென்றால், அந்தப் பெயரறியாத் தோட்டக்காரர்களை எண்ணி இந்த ஸஹீஹான ஹதீஸை நினைவுகூரலாமே.

தோட்டம் இவ்வாறு வளர, நூல் வேறொரு பாதையில் வந்தது. கிரேக்க மருத்துவர் தியோஸ்குரீதஸ் மூலிகைகளைப் பற்றி எழுதிய நூலை, பக்தாதில் கலீஃபா முதவக்கிலின் காலத்தில் இஸ்திஃபான் இப்னு பஸீல் அரபியாக்கினார். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைத் திருத்தினார். இருவரும் கிறிஸ்தவர்கள். அரபியில் பெயர் தெரியாத செடிகளின் பெயர்களை இஸ்திஃபான் ஊகித்து எழுதவில்லை. பின்னால் வரும் ஒருவர் கண்டறியட்டும் என்று கிரேக்க ஒலியிலேயே விட்டுவிட்டார். இந்த நேர்மை நம்மை மிகவும் கவர்ந்தது.

பின்னால் வந்தவர்கள் குர்துபாவில் இருந்தனர். ஏறத்தாழ 948ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிளின் பேரரசர், கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அதே நூலின் கிரேக்கப் படியை வண்ணப் படங்களுடன் அன்பளிப்பாக அனுப்பினார். குர்துபாவிலோ கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை. கலீஃபா கேட்டுக்கொண்டதன் பேரில் நிக்கோலஸ் என்னும் துறவி 951இல் வந்து சேர்ந்தார். யூத மருத்துவரும் அரசவை அதிகாரியுமான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத், முஸ்லிம் மருத்துவர்கள் சிலர், அந்தத் துறவி ஆகியோர் கூடியமர்ந்து, நூலில் உள்ள செடி நம் மண்ணில் எது என்று ஒவ்வொன்றாக இனங்கண்டனர். அவர்களை இளமையில் கண்டு பழகிய இப்னு ஜுல்ஜுல் இச்செய்தியை எழுதிவைத்ததால் நாம் இன்று அறிகிறோம். மூன்று மார்க்கத்தாரும் ஒரு மேசையில் குனிந்து செடிகளின் பெயர்களைச் சரிபார்த்த அந்தக் காட்சியை, நம் பாடநூல்களில் போர்களுக்குத் தரும் பக்கங்களில் பாதியாவது பெறத் தகுந்தது என்று எண்ணுகிறோம்.

அடுத்த தலைமுறைகளில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம், வேளாண்மை பற்றிய பெருநூலை எழுதினார். ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடிகொடிகளை அவர் அதில் பேசுகிறார். மாலகாவில் பிறந்து 1248இல் திமஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களையும் உணவுகளையும் அகர வரிசையில் தொகுத்தார். முன்னோர் கூற்று இது, நாம் கண்டது இது என்று பிரித்துக் காட்டுவது அவருடைய வழக்கம்.

ஆயினும் ஏடுகளைவிடப் பெயரே பெரிய சாட்சி. அந்தலூஸின் பேச்சு அரபியில் இக்காய் அல்கர்ஷூஃபா. செம்மொழியில் ஹர்ஷஃப் என்றொரு சொல் உண்டு. முட்செடிக்கும் மீன் செதிலுக்கும் அது வழங்கும். மொட்டின் மடல்களைக் கண்டவர்களுக்கு இந்தப் பொருத்தம் உடனே புரியும். அல்கர்ஷூஃபா ஸ்பானிய மொழியில் அல்காச்சோஃபா ஆயிற்று. "அல்" என்ற அரபி முன்னொட்டு இன்றும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர்த்துகீசியரும் அதே "அல்"லோடு அல்காச்சோஃப்ரா என்கின்றனர். இத்தாலியில் கார்ச்சோஃபோ. வட இத்தாலியில் அது ஆர்ட்டிச்சோக்கோ என்று திரிந்து, அங்கிருந்து பிரான்ஸுக்கும், பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கும் சென்று ஆர்ட்டிச்சோக் ஆனது.

பயணம் அங்கே முடியவில்லை. ஐரோப்பாவைச் சுற்றிய அந்தப் பெயர் ஷாம் நாட்டுக்குத் திரும்பி வந்தபோது சொந்த வீட்டாருக்கே அடையாளம் தெரியவில்லை. ஆர்ட்டிச்சோக் என்னும் ஒலியைக் கேட்ட ஷாம் மக்கள், தம் மொழியில் பொருள் தரும்படி அதனை அர்ழீ ஷவ்கீ என்று ஆக்கிக்கொண்டனர். அர்ழ் என்றால் நிலம். ஷவ்க் என்றால் முள். "நிலத்து முள்" என்ற பொருள் செடிக்கு அழகாகப் பொருந்தியும்விட்டது. ஆகவே ஆர்ட்டிச்சோக் என்ற சொல் அர்ழீ ஷவ்கீயிலிருந்து பிறந்தது என்று இணையத்தில் எழுதுவோர் தலைகீழாகச் சொல்கிறார்கள். எகிப்தியர் பழைய கர்ஷூஃபை விடவில்லை. துனீசியர் கன்னாரிய்யா என்பதும், துருக்கியர் எங்கினார் என்பதும் கிரேக்கக் கினாராவின் வழிவந்தவை. ஈரானியரோ தம் மலைகளில் விளையும் கங்கர் என்னும் முட்செடியின் பெயரோடு சேர்த்து இதனைப் "பரங்கிக் கங்கர்" என்கின்றனர். அரபிப் பெயரோடு ஐரோப்பா சென்ற காய், அங்கே பரங்கியாகிவிட்டது!

1492இல் கிரனாடா வீழ்ந்தது. 1609 முதல் 1614 வரை, கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களும் ஸ்பெயினிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். அரபியில் பேசுவதும் எழுதுவதும் அதற்கு முன்பே தடைசெய்யப்பட்டிருந்தன. ஆனால் சந்தையில் காய் விற்கும் பெண்ணின் வாயிலிருந்து அந்த "அல்"லை எந்தச் சட்டத்தாலும் எடுக்க முடியவில்லை.

இனி உடல்நலம் பற்றிய செய்திக்கு வருவோம். நூறு கிராம் பச்சைக் கர்ஷூஃபில் ஏறத்தாழ 47 கலோரியே உண்டு. கொழுப்பு மிக அற்பம். நார்ச்சத்து 5 கிராமுக்குச் சற்று மேல். காய்கறிகளில் இது நல்ல அளவு. புரதம் 3 கிராமுக்கு மேல், பொட்டாசியம் 370 மில்லிகிராம், மக்னீசியம் 60 மில்லிகிராம், வைட்டமின் சி சுமார் 12 மில்லிகிராம், கருவுற்ற தாய்மாருக்கு இன்றியமையாத ஃபோலேட் 68 மைக்ரோகிராம். நார்ச்சத்தில் ஒரு பகுதி இனுலின் என்னும் வகை. சிறுகுடலில் செரிக்காத அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. பழக்கமில்லாதவர் ஒரேயடியாக மிகுதியாக உண்டால் வயிறு உப்புவதும் இதனாலேயே. இதே இனுலின் நம் வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறோம். அதிக விலை கொடுத்து அயல்நாட்டு மொட்டு வாங்கினால்தான் நலம் என்று எவரும் ஏங்க வேண்டியதில்லை.

இதன் கைப்பு பெரும்பாலும் இலையில் உள்ளது. இலையிலிருந்து சைனாரின் என்னும் பொருளை 1950களில் இத்தாலிய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தனர். பித்தநீர் சுரப்பைத் தூண்டும் இயல்பு இலைச்சாற்றுக்கு உண்டு. பெட்டியில் வரும் கேப்ஸ்யூல்களில் இருப்பதும் பொதுவாக இலைச்சாறே. நாம் உண்ணும் மொட்டு அன்று. இலைச்சாறு இரத்தக் கொழுப்பைக் குறைக்குமா என்பதை காக்ரேன் ஆய்வுக்குழு 2013இல் மீண்டும் ஆராய்ந்தது. தேறிய ஆய்வுகள் மூன்று; அவற்றில் பங்கேற்றோர் மொத்தம் 262 பேர். ஓரளவு குறைவதாகத் தெரிந்தாலும், பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்பது அவர்கள் கண்ட முடிவு.

மாணவரின் அத்தாவுக்கு உரிய செய்தி இனித்தான் வருகிறது. ஐரோப்பிய மருந்து முகமை, செரிமானக் குறைவு, வயிற்று உப்புசம் போன்றவற்றுக்கு இவ்விலையின் மரபுவழிப் பயன்பாட்டை ஏற்கிறது. ஆனால் பித்தக்குழாய் அடைப்பு, பித்தப்பைக் கல், ஈரல் அழற்சி உடையோர் இதனை உட்கொள்ளலாகாது என்றும் அதே குறிப்பில் எச்சரிக்கிறது. கல் இருக்கும் பையில் பித்தநீரைத் தூண்டிவிட்டால் கல் நகர்ந்து குழாயை அடைக்கும் ஆபத்து உண்டு. எந்த நோய்க்கு மருந்தென்று அவருக்கு விற்றார்களோ, அந்த நோய்க்காரரே தொடக்கூடாத பொருள் அது. சேவந்தி, சூரியகாந்திக் குடும்பச் செடிகளால் ஒவ்வாமை வருவோரும் விலகியிருக்க வேண்டும். சிறுநீரக நோயால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மொட்டையும் மருத்துவரிடம் கேட்டே உண்ண வேண்டும்.

நலமுள்ளோர் காயாக உண்பதில் அச்சமில்லை. எகிப்திலும் துருக்கியிலும் உள்ள இல்லங்களில் குளிர்காலத்தின் இறுதி தொட்டு வசந்தம் வரை இது விரும்பி உண்ணப்படும் உணவு. வளைகுடாவில் இருப்போருக்கு ஒரு குறிப்பு: முழு மொட்டு கிடைத்தால் காம்பையும் மடல் நுனிகளையும் வெட்டி, உடனே எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் இடுங்கள், இல்லையேல் வெட்டிய இடம் கறுத்துவிடும். அடிமடல் ஒன்றை இழுத்தால் எளிதில் கழன்று வரும் வரை வேகவையுங்கள். முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். மடல்களின் அடிச்சதையைப் பல்லால் சுரண்டி உண்டபின், நடுப்பஞ்சைக் கரண்டியால் முழுவதும் வழித்தெறியுங்கள். சிறுபிள்ளைகளுக்குப் பஞ்சு தொண்டையில் சிக்கும். உறைநிலையில் விற்கும் கிண்ணங்களில் இந்த வேலை இல்லை. கொத்துக்கறியை வெங்காயத்தோடு வதக்கி அதில் நிரப்பி, எலுமிச்சை பிழிந்து வேகவைப்பது ஷாம் நாட்டு வழக்கம். உண்டபின் தண்ணீர் குடித்துப் பாருங்கள். பலருக்கு வெறும் தண்ணீர் இனிக்கும். சைனாரின் நாவில் செய்யும் வேலை அது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த அத்தா மறுநாள் மருத்துவரிடம் பெட்டியையும் எடுத்துச் சென்றார். தொடவே கூடாது என்று கூறிய மருத்துவர், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தார். அல்ஹம்துலில்லாஹ், சிகிச்சை நலமாக முடிந்து இப்போது ஜமாஅத்துக்கு வருகிறார். விற்றவர்கள் பெட்டியைத் திரும்பப் பெற மறுத்துவிட்டனர். கேப்ஸ்யூல்களைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியை அவர் நம்மிடமே கொடுத்துவிட்டார். அது இப்போது நம் வகுப்பறை அலமாரியில் இருக்கிறது. அரபி எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் சிறுவர்கள் "கா"வில் தொடங்கும் அந்தச் சொல்லை உரக்க வாசித்துவிட்டு, "இது என்ன காய், ஹழ்ரத்?" என்று கேட்கின்றனர்.